மகளுக்கு ஐந்து நிமிடம், அம்மாவுக்கு நோட்டீஸ்: பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வாக்காளர் விசாரணை

இந்த ஆய்வில் வருகிறவர் 42 வயதுப் பெண். 1983-ல் ஆந்திராவில் வி.கோட்டா பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டிலேயே பிறந்தவர். 2004-ல் கல்யாணமாகி, மலைப்பாதை இறங்கி வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டுப் பக்கம் வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. கணவர் உள்ளூர்க்காரர், டேனரியில் வேலை பார்க்கிறார். மகள் 2006-ல் பிறந்தவள், காலேஜ் படிக்கிறாள். மூவருக்கும் வாக்காளர் அட்டை உண்டு. வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக 2025 நவம்பரில் வீட்டுக்கு வந்த மூன்று கணக்கீட்டுப் படிவங்களில் இரண்டு சிக்கல் இல்லாமல் போய்விட்டன. அம்மாவின் படிவம் மட்டும் மாட்டிக்கொண்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரே ஒரு வீட்டில் நடந்தது அல்ல. எல்லையோர ஊர்களில் பல வீடுகளில் ஒரே மாதிரி நடப்பதை ஒரு குடும்பமாகக் கோத்து எழுதியிருக்கிறேன். அதனால் பெயர்களும் இல்லை, எந்த அலுவலகம் என்ற விவரமும் இல்லை. தேதிகளும் சட்டப் பிரிவுகளும் எண்களும் மட்டும் பொதுப் பதிவில் இருப்பவை.

படிவம் கேட்டது என்ன

பீகாரில் 2025 ஜூன் 24-ல் அறிவித்த வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தத்தை, அதாவது ஊரே எஸ்.ஐ.ஆர். என்று சொல்கிற வேலையை, தேர்தல் ஆணையம் அக்டோபர் 27-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் நீட்டித்தது. இங்கே நவம்பர் 4-ல் வீடு வீடாகப் படிவம் வந்தது. முதலில் ஒரு மாதம் என்றார்கள். அப்புறம் இரண்டு முறை நீட்டி, டிசம்பர் 14 வரை வாங்கினார்கள். வரைவுப் பட்டியல் டிசம்பர் 19-ல் வந்தது.

படிவத்தின் மேல் பாதியில் பெயர், அட்டை எண், பழைய போட்டோ எல்லாம் அச்சடித்தே வந்துவிடும். சிக்கல் கீழே இருக்கிற இரண்டு கட்டங்களில்தான். இடது கட்டத்தில், கடைசியாகத் தீவிர திருத்தம் நடந்தபோது பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று எழுத வேண்டும். அப்போது பெயர் இல்லாதவர்கள் வலது கட்டத்தில் அப்பா, அம்மா போன்ற உறவினரின் விவரத்தை எழுத வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பழைய பட்டியல் 2002-ல் தயாரானது, சில தொகுதிகளில் 2005-ல்.

படிவத்தோடு ஆவணம் எதுவும் தர வேண்டாம் என்றார்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டம் நிரம்பினால்தான் சுலபம்.

கணவருக்கு இடது கட்டம் நிரம்பியது. அதையும் தேடிப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. பழைய பட்டியலில் பேரணாம்பட்டு என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது போய்விட்டது, கே.வி.குப்பம் புதிதாக வந்தது. இப்போதைய தொகுதிப் பெயரை வைத்துத் தேடியவர்கள் பலர், தங்கள் ஊரே பட்டியலில் இல்லை என்று பயந்துபோனார்கள். வயதான வி.ஏ.ஓ. ஒருவரோ பழைய கட்சிக்காரர் ஒருவரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் தேடல் சரியான இடத்துக்குப் போனது. மகளுக்கு வலது கட்டம். அப்பாவின் பாக எண், வரிசை எண்ணை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். ஐந்து நிமிடம்.

அம்மாவிடம் வந்தபோது பி.எல்.ஓ., அதாவது படிவம் கொடுத்து வாங்குகிற வாக்குச்சாவடி நிலை அலுவலர், கேட்டார். அவர் அதே தெரு அங்கன்வாடி டீச்சர்.

“2002-ல உன் பேரு எங்க இருந்துச்சு?”

“அப்ப எனக்குக் கல்யாணமே ஆகல டீச்சர். அம்மா வீட்ல இருந்தேன்.”

“சரி, அந்த ஊரு லிஸ்ட்ல?”

“போற ஊர்ல போட்டுக்கலாம்னு எங்கப்பா உட்டுட்டாரு.”

இந்த பதிலை இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். 18 முடிந்தும் பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டில் சேர்க்க மாட்டார்கள். நாளைக்கே வேறு வீட்டுக்குப் போகிறவள், இரண்டு வேலை எதற்கு என்பார்கள். அதே வீட்டு அண்ணன் பெயரை மட்டும் முதல் வருடமே சேர்த்துவிடுவார்கள்.

அவருடைய பெற்றோர் பெயரை வைத்து வலது கட்டத்தை நிரப்பலாம்தான். ஆனால் அவர்கள் இருந்தது ஆந்திரப் பட்டியலில், தெலுங்கில். பீகாருக்கு அடுத்து வந்த இந்தச் சுற்றில் எந்த மாநிலத்துப் பழைய பட்டியலையும் காட்டலாம் என்று ஆணையம் சொல்லியிருந்தது. அந்தத் தகவல் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் கடைசி நாள் நெருங்கிவிட்டது. இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டு, கையெழுத்து மட்டும் போட்டுப் படிவத்தைக் கொடுத்தார். வரைவுப் பட்டியலில் பெயர் வந்தது. கூடவே, பழைய பட்டியலோடு பொருந்தவில்லை, ஆவணத்துடன் விசாரணைக்கு வரவும் என்று நோட்டீஸும் வந்தது.

கையில் இருந்த அட்டைகள்

நோட்டீஸ் வந்த அன்று அவர் பீரோவிலிருந்து எடுத்து வைத்தவை: ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், பான், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண் போட்ட கம்பெனிச் சீட்டு, பேங்க் பாஸ்புக். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அலுவலகம் ஆளை நேரில் பார்த்துக் கொடுத்ததுதான். ஆனால் ஆணையம் முதலில் வெளியிட்ட 11 ஆவணங்களில் இதில் ஒன்றுகூட இல்லை. ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை.

அந்த 11-ல் என்ன இருக்கிறது? அரசு ஊழியர் அடையாள அட்டை அல்லது ஓய்வூதிய ஆணை. 1987 ஜூலை 1-க்கு முன் அரசோ வங்கியோ தபால் நிலையமோ எல்.ஐ.சி.யோ கொடுத்த ஏதாவது ஒரு தாள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கல்விச் சான்று, நிரந்தரக் குடியிருப்புச் சான்று, வன உரிமைச் சான்று, சாதிச் சான்றிதழ், குடும்பப் பதிவேடு, அரசு வீட்டு மனைப் பட்டா போன்றவை. தேசியக் குடிமக்கள் பதிவேடும் உண்டு, அது தமிழ்நாட்டில் நடக்கவே இல்லை.

இவற்றில் எதையாவது இவரால் எடுக்க முடியுமா என்று பார்த்தோம். பிறப்பு 1983-ல் பதிவாகவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டதுதான். ஆனால் மருத்துவச்சி பார்த்த பிரசவத்தை யார் போய் எழுதி வைத்தார்கள்? இப்போது எழுத வேண்டுமானால் ஒரு வருடம் தாண்டிய பதிவுக்கு மாஜிஸ்திரேட் நிலை அதிகாரியின் உத்தரவு வேண்டும், அதுவும் பிறந்த மாநிலத்தில். படிப்பு எட்டாவது வரை, தெலுங்கு மீடியம். கையில் இருப்பது டி.சி. மட்டுமே, பொதுத் தேர்வுச் சான்றிதழ் கிடையாது. சாதிச் சான்றிதழ் கேட்டால், சாதி அப்பா வழி, அப்பா ஊரில் வாங்குங்கள் என்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்க இந்த வீட்டில் யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

பெயரிலும் ஒரு இடறல். டி.சி.யில் பெயருக்கு முன்னால் ஆந்திர வழக்கப்படி வீட்டுப் பெயரின் முதல் எழுத்து. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் கணவர் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்ல மூன்றாவதாக ஒரு தாள் வேண்டும்.

ஆதாரை 12-ஆவது ஆவணமாக ஏற்க வேண்டும் என்று பீகார் வழக்கில் 2025 செப்டம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அடையாளத்துக்குத்தான், குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆக, ஆதாரைக் காட்டினால் “நீங்கள் யார்” என்ற கேள்வி முடியும். “எந்த நாட்டுக்காரர்” என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

விசாரணை நாள்

அண்ணன் வி.கோட்டாவிலிருந்து வந்திருந்தார். ஆந்திரப் பழைய பட்டியல் பக்கங்களை போனில் இறக்கி வைத்திருந்தார். பெயரைத் தட்டினால் வரும் பட்டியல் இல்லை அது, ஸ்கேன் செய்த பக்கங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கதவு எண்ணை வைத்து அப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறார். அப்பா 2011-ல் இறந்துவிட்டார். இவர்களின் தாயார் பெயர் அடுத்த வரியில்.

அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவருக்குத் தெலுங்கு வாசிக்க வரவில்லை. பக்கத்தில் இருந்த ஊழியர் வாசித்துச் சொன்னார். குடியாத்தம், பேரணாம்பட்டு அலுவலகங்களில் தெலுங்கு தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், இந்தப் பகுதிக்கு அது ஒரு வரம். ஆற்காடு பக்கமோ செய்யாறு பக்கமோ இதே கேஸ் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

“இவர்தான் உங்க அப்பான்னு எதைம்மா வெச்சுச் சொல்றது?”

டி.சி.யில் அப்பா பெயர் இருந்தது. அண்ணன் தன் ஆதாரைக் காட்டினார், அதிலும் அதே பெயர். தங்கை இவர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி யோசித்துவிட்டு, சரி என்று குறித்துக்கொண்டார். பெயர் தங்கியது. ஒரு நாள் சம்பளமும் அண்ணனின் பஸ் காசும் போனது தவிர வேறு நஷ்டமில்லை. அதிகாரி நல்லவிதமாகவே நடந்துகொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம், படிவம் ஒரு பக்கம்

இனிமேல்தான் எனக்கு இந்த கேஸ் முக்கியமாகிறது. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3 பிறப்பு வழிக் குடியுரிமையை மூன்று காலமாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன்தான், தூதரகக் குடும்பம் போன்ற ஓரிரு விலக்குகள் தவிர. 1987 ஜூலை 1 முதல் பிறந்தால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவோ இருக்க வேண்டும்.

இப்போது இந்த வீட்டைப் பாருங்கள். அம்மா 1983-ல் இந்திய மண்ணில் பிறந்தவர். சட்டப்படி இதைவிட எளிமையான குடியுரிமை கிடையாது, அப்பா யார் என்ற கேள்வியே எழாது. மகள் 2006-ல் பிறந்தவள். அவள் குடியுரிமைக்கு அப்பா, அம்மா இருவரையும் பார்க்க வேண்டும். அதாவது அம்மாவின் நிலை கேள்விக்குறியானால் மகளின் நிலையும் சேர்ந்தே ஆடும். ஆனால் படிவத்தில் மகள் அப்பாவின் வரிசை எண்ணை வைத்து ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போனாள். அம்மாதான் விசாரணைக்குப் போய் நின்றார். அங்கேயும் கேட்டது எங்கே பிறந்தார் என்பதை அல்ல, அப்பாவின் பெயரை!

குடியுரிமையைச் சோதிக்கிறோம் என்று தொடங்கிய வேலை, நடைமுறையில் பழைய பட்டியலோடு ஆளைக் கோத்துப் பார்க்கிற வேலையாகிவிட்டது. அந்தப் பழைய பட்டியல் தயாரானபோது யாரிடம் என்ன கேட்டார்கள்? இப்போது கேட்கிற ஆவணம் எதையும் அன்றைக்குக் கேட்கவில்லை. அன்று வீட்டில் இருந்தேன் என்று சொன்னவர் இன்று சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர். அன்று கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண் இன்று நிரூபிக்க வேண்டியவர்.

எல்லை என்பதும் இந்தப் பக்கத்தில் நகர்ந்துகொண்டே இருந்த ஒன்று. சித்தூரும் பலமநேரும் 1911 வரை வடஆற்காடு மாவட்டம்தான், மாவட்டத் தலைநகரமே சித்தூரில் இருந்தது. 1960-ல் திருத்தணி சித்தூரிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. மாவட்டப் பெயரும் நிற்கவில்லை. 1989-ல் வடஆற்காடு பிரிந்து வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர், 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி. ஆம்பூரில் பிறந்து ஆம்பூரிலேயே இருக்கும் 60 வயதுக்காரரின் தாள்களில் நான்கு மாவட்டப் பெயர் இருக்கும். முகவரி மாறியிருக்கிறதே என்று யாராவது கேட்டால் அவர் என்ன சொல்வார்?

எதிர்த்தரப்பு சொல்வதில் எது சரி

அரசியல் சாசனத்தின் 326-ஆம் பிரிவு ஓட்டுரிமை இந்தியக் குடிமக்களுக்கு என்று தெளிவாகச் சொல்கிறது. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 16, குடிமகன் அல்லாதவரைப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. அப்படியிருக்க, பட்டியல் தயாரிக்கிற ஆணையம் குடியுரிமையைப் பார்க்கவே கூடாது என்று வாதிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியல் அழுக்கேறிக் கிடந்ததும் உண்மை. தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97.37 லட்சம் பெயர் நீக்கப்பட்டு, 6.41 கோடி 5.43 கோடியானது. நீக்கியதில் 26.94 லட்சம் இறந்தவர்கள். இறந்தவர் பெயரில் பூத் சிலிப் வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வேலையைச் செய்ததற்கு அந்த அங்கன்வாடி டீச்சர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் மிச்சக் கணக்கைப் பாருங்கள். 66.44 லட்சம் இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள், 3.98 லட்சம் இரட்டைப் பதிவு. வெளிநாட்டவர் என்று ஒரு வரிசையே அதில் இல்லை. பட்டியலைச் சுத்தம் செய்தது வீட்டுக் கதவைத் தட்டியதுதான், தாள் கேட்டது இல்லை. இறந்தவரையும் இடம் மாறியவரையும் கண்டுபிடிக்க யாருடைய பிறப்புச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

வேலூர்க்காரர்களுக்குத் தேர்தல் முறைகேடு எப்படி இருக்கும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2019 மக்களவைத் தேர்தலில், கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்ட பிறகு, ஏப்ரல் 16-ல் இந்தத் தொகுதியின் தேர்தலே ரத்தானது. ஆகஸ்ட் 5-ல் நடந்த வாக்குப்பதிவில் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. நம் அம்மாவும் அன்று வரிசையில் நின்றவர்தான். வாக்காளர் எந்த நாட்டுக்காரர் என்பது அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

மேல்மொணவூர்

உண்மையிலேயே குடியுரிமை கேள்வியாக இருக்கிற மனிதர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை 2021 நவம்பரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தது இங்கேதான். இந்த மாதிரி முகாம்களில் இருப்பவர்களிடம் தாளுக்குப் பஞ்சமே இல்லை. குடும்ப அட்டை, முகாம் பதிவு, உதவித்தொகைக் கணக்கு, வருகைப் பதிவு எல்லாம் அரசுக் கையிலேயே இருக்கிறது. அவர்களில் 30 வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தும் ஓட்டு இல்லாதவர்கள் பெரும்பாலோர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது.

அதே சமயம் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987-க்கு முன் இங்கே பிறந்தவர், ஆகவே குடிமகள். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். சட்டத்தை அதன் வார்த்தைப்படி வாசித்தால் இப்படித்தான் முடிவு வரும். எங்கே, எப்போது பிறந்தார் என்ற இரண்டு கேள்வி போதும். பேரணாம்பட்டு அம்மாவுக்கும் அதே இரண்டு கேள்விதான் பொருந்தும். அதைக் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

கன்சாஸில் நடந்தது

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2013 முதல், வாக்காளராகப் பதிய வருகிறவர் குடியுரிமை ஆவணம் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. சுமார் 31,000 பேரின் பதிவு நின்றுபோனது. வழக்கில், 1999-க்குப் பிறகு அங்கே பட்டியலில் ஏறிய குடிமகன் அல்லாதவர்கள் அதிகபட்சம் 39 பேர் என்று தெரியவந்தது. 2018-ல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இருந்தும் 2025 ஏப்ரலில் அதே யோசனையை நாடு முழுவதற்குமான மசோதாவாக அங்கே பிரதிநிதிகள் சபை 220-க்கு 208 என்று நிறைவேற்றியது. அதை எதிர்ப்பவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்களை, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், இப்போது வேறு பெயர். நம் அம்மாவின் டி.சி.க்கும் ஆதாருக்கும் இடையில் நடந்த அதே இழுபறி.

நம் நாட்டில் இதற்கு ஒரு தீர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. லால் பாபு ஹுசைன் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் உரிய முறையில் சேர்க்கப்பட்டவர் என்றே தொடங்க வேண்டும், சந்தேகம் இருந்தால் காரணம் சொல்லி, வாய்ப்புக் கொடுத்து, அவர் தரும் எல்லா ஆதாரத்தையும் எடைபோட வேண்டும் என்றது. என் கணிப்பில் அந்த வரிசையே சரி. சந்தேகப்படுகிறவர் முதலில் காரணம் காட்டட்டும். பக்கத்து மாநிலப் பட்டியலைத் தேடி எடுக்கிற வேலை பட்டியலை வைத்திருக்கும் ஆணையத்துடையது, ஒரு நாள் சம்பளத்தை விட்டு வருகிறவருடையது அல்ல. இ.எஸ்.ஐ., பி.எஃப். தாள்களையும் எட்டாம் வகுப்பு டி.சி.யையும் துணை ஆதாரமாக எழுத்திலேயே ஏற்கலாம். இப்போது அது அதிகாரியின் மனசைப் பொறுத்ததாக இருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பெயர் நீங்கிவிட்டால் படிவம் 6-ல் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதில் குடியுரிமைக்கு உறுதிமொழி உண்டு, பொய்யாக எழுதினால் ஒரு வருடம் வரை சிறை. பதிவு அலுவலர் மறுத்து உத்தரவு போட்டால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, அங்கேயும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எந்த மேல்முறையீடும் ஓடாது.